வலிக்காத கால்

இளம் தாதிப் பிள்ளைகளே, நோயாளி தன் போனை எடுத்து உங்கள் மூக்குக்கு நேரே நீட்டி, "நெட்டுல இப்படித்தான் போட்டிருக்கு" என்று சொல்லும்போது முகத்தைச் சுளிக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு வைத்திருந்தால் அதற்குள் களைத்துப் போய்விடுவேன். ஓய்வு பெற்ற பிறகு எதையும் நீட்டி முழக்க எனக்குத் தெம்பில்லை.

கெர்லிங்கில் தாதியாக வேலையைத் தொடங்கி, புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் முடித்தவள் நான். எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்து ஜனங்களுக்கு நான் எப்போதும் மிஸ்ஸிதான். அவர்களுக்குத் தாதி என்றாலே மிஸ்ஸி. கல்யாணமாகி, தலை நரைத்து, முட்டி தேய்ந்த பிறகும் மிஸ்ஸி.

போனைப் பார்த்துவிட்டு வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது, அலுத்துப் போகிறது என்று உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள். எனக்கும் அலுப்புத்தான் அம்மா. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இப்போது அந்தத் தகுதிக்கு ஒரு போன் போதும், தன்னை ஒருத்தனை வைத்தே தொழிலைத் தொடங்கிவிடலாம்.

தலைவலி என்று தட்டினால் மூளையில் கட்டி என்று வருகிறது. ஜெராமிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை அப்படித்தான் வந்தாள். தன் பிள்ளைகளுக்குச் சித்தியாக யார் வந்தால் கொடுமைப்படுத்த மாட்டாள் என்பதுவரை யோசித்து முடித்துவிட்டு வந்திருந்தாள். மூக்குக் கண்ணாடியை மாற்றியதும் தலைவலி போய்விட்டது. அவள் புருஷனுக்குத்தான் கொஞ்ச நாள் மனசு சரியில்லை.

இப்படிப் பயந்துகொண்டு ஓடி வருகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவர்கள்தான் வந்துவிடுகிறார்களே. தேடிப் பார்த்துவிட்டு, "ஓ, இவ்வளவுதானா" என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறார்களே, அவர்கள்தாம் என் உயிரை எடுத்தவர்கள். தேவராஜ் அந்த ரகம். இது அவன் உண்மைப் பெயர் இல்லை. ஆனால் கதையைச் சொல்லச் சொன்னது அவன்தான்.

தேவராஜ் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். ஐம்பதை நெருங்கும் வயது, நல்ல உயரம், வாய் ஓயாத பேச்சு. அவன் மனைவி கமலாவுக்கு வயிற்றில் கட்டி இருந்து, பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று தெரிந்த அன்றே, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டான். தையல் போட்ட இடத்துக்கு மருந்து கட்ட எங்கள் கிளினிக்குக்கு அவளை லோரியிலேயே ஏற்றிக்கொண்டு வருவான். பக்குவமாகக் கைபிடித்து இறக்குவான். அந்த உயரத்திலிருந்து ஒரு பெண்ணை நோகாமல் இறக்குவது லேசான காரியமில்லை.

அப்படி வந்த ஒருநாள், வாசலிலிருந்து கவுண்டருக்கு நடந்து வந்தவனின் ஒரு காலில் சிலிப்பர் இல்லை. அது வாசல்படியிலேயே கழன்று கிடந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் குனிந்து பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிலிப்பர் கழன்றது தெரியாமல் வெறுங்காலோடு சிமெண்டில் நடந்து வருகிறான் என்றால், அந்தக் கால் அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டது.

"தேவா, காலு மரத்துப் போவுதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் லா, மிஸ்ஸி. நெட்டுல பாத்துட்டேன். நாள் முச்சூடும் லோரியில உக்காந்து ஓட்டுறவங்களுக்கு இடுப்பு நரம்பு அழுந்துமாம். வைட்டமின் வாங்கிச் சாப்புடுறேன்." போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"ராத்திரியில ஒண்ணுக்குப் போக அடிக்கடி எந்திரிக்கிறியா?"

"அதையும் பாத்தேன். தே தாரேக் டீயக் கொறைக்கணுமாம்."

"கண்ணு?"

"வயசாவுது இல்ல? பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஒரு கண்ணாடி வாங்கிட்டேன்."

"எளைச்சும் போயிட்டியே."

"கமலா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எவன் சாப்புட்டான் மிஸ்ஸி?"

எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. ஒவ்வொரு பதிலும் கேட்க நியாயமாகவே இருந்தது. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மரத்துப் போன காலை ஒருநாள் தேடியிருக்கிறான். ராத்திரி எழுந்திருப்பதை வேறொருநாள் தேடியிருக்கிறான். கண்ணைத் தேடவே இல்லை, கடைக்காரனே வைத்தியம் பார்த்துவிட்டான். இளைத்ததற்கு அவனே காரணம் வைத்திருந்தான். தனித்தனியாகக் கேட்டவனுக்குத் தனித்தனியாகப் பதில் வந்திருக்கிறது. நான்கும் ஒரே ஆளின் உடம்பில் இருக்கின்றன என்பதை அந்தப் போனிடம் யாரும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னபோது சர்க்கரை என்ற ஒரே வார்த்தைதான் எனக்குத் தோன்றியது.

விரலைக் கொடு, ஒரு சொட்டு ரத்தம் பார்த்துவிடுகிறேன் என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "காப்புக் கட்டியிருக்கேன் மிஸ்ஸி. விரதத்துல ரத்தம் சிந்தக் கூடாது. தீ மிதிச்சிட்டு நானே வாரேன்."

"போனுகிட்ட இவ்வளவு கேக்குற. எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டா ஏசுவீங்க. 'ஏன் இவ்ளோ நாளா வரல'ன்னு ஏசுவீங்க. அதுவும் நின்னுகிட்டே ஏசுவீங்க. போனு ஏசாது மிஸ்ஸி. நான் படுத்தா பக்கத்துலயே படுத்துக்கும்."

அவனுக்குப் பின்னால் வரிசை கதவு வரைக்கும் நின்றது. நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன். காலையிலிருந்து உட்காரவே இல்லை. ஒருவர் விரலைப் பிடித்து இழுத்து ஊசி குத்த நமக்கு அதிகாரமில்லை. கமலாவிடம் மட்டும், திருவிழா முடிந்த மறுநாள் இவனைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினேன்.

தீமிதித் திருவிழாவுக்கு முதலுதவிக் கூடாரம் போடுவது எங்கள் கிளினிக்கின் தமிழ்த் தாதிகளுக்கு வழக்கம். சம்பளமில்லாத வேலை, சாப்பாடு மட்டும் கோயிலில். கூடாரம் பால் குழிக்குப் பக்கத்தில் இருக்கும். நெருப்பைத் தாண்டி வருகிறவர்கள் அந்தக் குழியில் கால் நனைத்துவிட்டு ஏறுவார்கள். சிலருக்குக் கொப்புளம் இருக்கும், ஆனால் கூடாரத்துக்கு வர மாட்டார்கள். விரதம் சுத்தமாக இருந்தால் அம்மன் சுட மாட்டாள் என்பது ஜனங்களின் நம்பிக்கை. சுட்டால் விரதத்தில் குறை, வேண்டுதலிலும் குறை. எனவே கொப்புளத்தோடு வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பார்கள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் நெருப்பில் விறுவிறுவென்று நடந்தார்கள். அதுதான் முறை. தேவராஜ் மட்டும் நிதானமாக நடந்தான். நடுவில் நின்றான். கரகத்தைப் பார்த்துக் கும்பிட்டான், திரும்பி ஜனங்களைப் பார்த்தும் கும்பிட்டான். பிறகுதான் நடந்து வந்தான். பெண்கள் குலவை போட்டார்கள். "ஆத்தா எறங்கிட்டா" என்று கோயில் தலைவரே கத்தினார். கமலா அழுதுகொண்டே கைகூப்பி நின்றாள். அவன் நின்ற நேரத்தை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். காலில் உணர்ச்சி உள்ள எந்த மனிதனும் அப்படி நிற்க மாட்டான்.

பால் குழியிலிருந்து ஏறியவனைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒவ்வொருவராகக் காலில் விழுந்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அவன் நகர்ந்த இடத்தில், ஈரச் சிமெண்டில் ஒரு பாதத்தின் தடம் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. "டேய், கால் வெந்து போச்சுடா" என்று நான் கத்தியிருக்கலாம். கத்தினால் என்ன ஆகும்? இத்தனை பேர் முன்னால் அவன் விரதம் பொய் என்று ஆகும். அதைவிட, எதிரே நிற்கிற கமலாவுக்கு, தன் உயிருக்காகச் செய்த வேண்டுதலை அம்மன் ஏற்கவில்லை என்று ஆகும். அவன் என்னைத் தள்ளிவிட்டு அந்தக் காலோடு ஓடியிருப்பான், ஓடவும் அவனால் முடிந்திருக்கும். சும்மா இருந்துவிட்டால் இன்னும் பத்து பேர் அந்தக் காலில் மண்ணையும் குங்குமத்தையும் அப்பிவிடுவார்கள்.

கூடாரத்தில் ஆறவைத்த சுத்தமான தண்ணீர் ஒரு பேசின் நிறைய இருந்தது. பேருக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டேன், மேலே இரண்டு வேப்பிலை. பேசினைத் தூக்கிக்கொண்டு போய், "வழி விடுங்க, சாமி காலக் கழுவணும்" என்றேன். ஜனங்கள் விலகினார்கள். அவனை நாற்காலியில் உட்கார வைத்து, நான் தரையில் மண்டியிட்டுப் பாதபூஜை செய்தேன். என் முட்டி சத்தம் போட்டது எனக்கே கேட்டது. மிஸ்ஸிக்கு இவ்வளவு பக்தியா என்று பக்கத்தில் ஒருத்தி கண்ணீர் விட்டாள்.

தண்ணீருக்குள் அவன் உள்ளங்காலைத் தடவினேன். வலது காலில் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. நகத்தால் நல்ல சதையில் அழுத்திக் கிள்ளினேன். அவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் அழுத்திக் கிள்ளினேன். யாரோ ஒரு குழந்தையை நீட்ட, அதன் நெற்றியில் திருநீறு பூசினான்.

சுத்தமான துணியால் கட்டி, மேலே மஞ்சள் துணியைச் சுற்றினேன். பார்க்கிறவர்களுக்கு அது பூஜையின் பாகம். கும்பிடுகிற பாவனையில் குனிந்து அவன் காதருகே கேட்டேன்.

"நான் கிள்ளுனது தெரிஞ்சிச்சா?"

"எப்ப கிள்ளுனீங்க?"

அதற்குமேல் எனக்கு எந்தச் சோதனையும் வேண்டியிருக்கவில்லை. கால் வெந்திருக்கிறது, உனக்குச் சர்க்கரை இருக்கிறது, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அவன் சிரிப்பு மாறாமல், உதடு மட்டும் அசையச் சொன்னான்: "கமலாவுக்குத் தெரியக் கூடாது மிஸ்ஸி. சத்தியம் பண்ணுங்க. தெரிஞ்சா அவ மனசு ஒடைஞ்சி படுத்துருவா. நாளைக்குக் காலையில நானே போறேன்." சத்தியம் செய்தேன். செய்யாவிட்டால் காலை இழுத்துக்கொள்வான் என்று தெரிந்தது.

மறுநாள் அவன் போகவில்லை. கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்த கமலாவிடம், தானே போய் வந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறான். போன் செய்தேன். லோரி லோட் இருக்கிறது என்றான். அதற்கு மறுநாளும் செய்தேன். காலைப் படமெடுத்து அனுப்பினான். கூடவே நெட்டில் இருந்த வேறொரு வெந்த காலின் படம். "இதுக்கு என் காலு எவ்வளவோ தேவல, மிஸ்ஸி" என்று எழுதியிருந்தான். தீக்காயத்துக்கு வீட்டில் என்ன செய்வது என்று தேடி, அதில் போட்டிருந்தபடியே செய்துகொண்டிருந்தான். அந்தப் பக்கத்தையும் எனக்கு அனுப்பினான். நான் வரிவரியாகப் படித்தேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதில் ஒரு பொய் கூட இல்லை. சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், கட்டை மாற்றுங்கள் என்றெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது. கடைசியில், வலி அதிகமானால் உடனே மருத்துவரைப் பாருங்கள் என்றும் இருந்தது. அவனுக்கு வலி அதிகமாகவில்லை. வலியே இல்லை. வலி இல்லாததால் ஆறிக்கொண்டிருக்கிறது என்று நம்பினான். எழுதினவருக்கு, படிக்கிறவனின் உள்ளங்கால் செத்துப் போயிருப்பது எப்படித் தெரியும்? அது வலி தெரிந்த ஜனங்களுக்காக எழுதினது.

அதை அவனிடம் சொன்னேன். தன்மையாகச் சொன்னேன், ஏசியும் பார்த்தேன். ஏசியதும் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். மீண்டும் கூப்பிட்டுப் பார்த்து அலுத்து, வேலை முடிந்ததும் என் காடியை ஓட்டிக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன். கமலாவின் தையலைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம்.

கமலா கதவைத் திறந்தாள். முகம் தெளிந்து, உடம்பு தேறியிருந்தாள். கூடத்தில் அலமாரி சுவரைவிட்டுத் தள்ளி நின்றது. சோபா தலைகீழாகக் கிடந்தது.

"மன்னிச்சிக்குங்க மிஸ்ஸி, வீடு அலங்கோலமா கெடக்கு. எங்கயோ எலி செத்துக் கெடக்கு. ரெண்டு நாளா வாட தாங்கல. எல்லாத்தையும் நகத்திப் பாத்துட்டேன், கெடைக்கவே மாட்டேங்குது" என்றாள்.

எனக்கு அந்த வாடை தெரியும். வார்டில் வேலை செய்த எவளும் அதை மறக்க மாட்டாள். தேவராஜ் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில், வீட்டுக்குள்ளேயே காலுறை மாட்டி உட்கார்ந்திருந்தான். கண்கள் காய்ச்சலில் பளபளத்தன. என்னைப் பார்த்துத் தலையை மெல்ல இடவலமாக ஆட்டினான். சத்தியம் பண்ணியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பிள்ளைகளே, நோயாளியின் ரகசியத்தைக் காப்பாற்று என்று உங்களுக்குப் படித்துக் கொடுத்திருப்பார்கள். எனக்கும்தான் படித்துக் கொடுத்தார்கள். அது சரியான பாடம். ஆனாலும் அந்தக் கூடத்தில் நின்றபோது, அவன் உயிர் போய்க்கொண்டிருப்பது எனக்கு மூக்கில் தெரிந்தது. அவனோடு தனியாக வாதம் செய்து பார்க்க நேரம் மீதமில்லை.

"கமலா, எலி ஏதும் சாகல. அவர் சாக்ஸக் கழட்டு" என்றேன்.

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து காலுறையை உருவினாள். அவள் கத்துவாள், மயங்கி விழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கட்டின்னு சொன்னப்ப ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாம தூக்கிட்டு ஓடுனீங்களே" என்றாள். "ஒங்களுக்குன்னா மட்டும் போனு போதுமா?"

"ஒனக்காகத்தான் கமலா. சுட்டுச்சின்னா ஒனக்கு ஆகாதுன்னு…"

"என்னக் காப்பாத்துனது டாக்டரும் ஆத்தாளும். ஒங்க காலக் குடுங்கன்னு ரெண்டு பேரும் கேக்கலியே!"

அவன் அப்போதுதான் அழுதான். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவனை என் காடியில் ஏற்றினோம். காலை ஊன்றினால் வலிக்குமே என்று கமலா ஒவ்வொரு படியிலும் பதறினாள். அவனுக்கு வலிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை பல வருடமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். உயிர் தப்பியதே பெரிது என்றார். எனக்கு ஆறுதலாக இல்லை. சிலிப்பர் கழன்ற அன்றே வந்திருந்தால் கால் இருந்திருக்கும் என்ற நினைப்பு இப்போதும் வந்து குடைகிறது, நம் தொழிலில் இதற்கு மருந்து கிடையாது.

சில நாள் கழித்து, பார்வையாளர் நேரத்தில் அவனைப் பார்க்கப் போனேன். கமலா கீழே சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். போன் பக்கத்து அலமாரியின்மேல் குப்புறக் கிடந்தது. போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பாதியிலேயே தட்டையாகவும் இருந்தது. நான் கட்டில் ஓரம் நின்று, சாப்பிட்டானா, தூங்கினானா என்று வழக்கமானதையெல்லாம் கேட்டேன்.

"மிஸ்ஸி, ஒண்ணு கேக்கணும். ஏசக் கூடாது."

"ஏசல. கேளு."

"உள்ளங்காலு எரியுது மிஸ்ஸி. நெருப்புல நிக்கிற மாதிரியே எரியுது. தூக்கமே இல்ல."

"எந்தக் காலு?"

போர்வையின் தட்டையான பக்கத்தைக் காட்டினான்.

"இருந்த வரைக்கும் வலிக்கல. இப்ப காலே இல்ல, வலிக்குது. எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா? இல்ல, அன்னைக்குச் சுட வேண்டியத ஆத்தா இன்னைக்குச் சுடுறாளா?"

வெட்டிய காலில் வலி வருவது உண்டு, அதற்குக் காரணமும் மருந்தும் உண்டு. ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில்தான்.

"நெட்டுல பாத்தியா?" என்றேன்.

"பாக்கல. நீங்க வருவீங்கன்னு வச்சிருந்தேன்."

அடுத்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதை இழுத்துப் போட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.